தானாக விழாத ஃபோகஸ்

பிரவீனைப் பற்றிப் பேசிவிட்டால் எனக்கு வாய் கொப்பளிக்க வேண்டும். அவ்வளவு குமட்டல். ஆனாலும் சொல்கிறேன்.

வல்லக்கோட்டைப் பையன். ஒரகடத்தில் காருக்கு ஒயரிங் செய்யும் எங்கள் கம்பெனியில், என் பக்கத்து டேபிள். லீவு நாளில் கையில் கேமராவோடு திரிவான். கிருத்திகைக்குக் கோயிலில் காவடி எடுப்பவர்களைப் படம் பிடிப்பான், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ப் பறவைப் படம் எடுப்பான். கேமரா நல்ல மிரர்லெஸ் ரகம், லென்ஸை மாற்றி மாற்றி மாட்டலாம். தூரத்தில் இருப்பதை இழுக்கும் லென்ஸ்தான் இல்லை. நாரை எல்லாம் அவன் படத்தில் கொசு அளவுக்குத்தான் இருக்கும்.

அவனுக்குக் கல்யாணம் வந்தபோது லைனில் எல்லோரும் பணம் போட்டு ஒரு பெரிய டெலி ஜூம் லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். முன்னால் நின்று வசூல் செய்தது தங்கமாரி. சாத்தூர்க்காரி, கான்ட்ராக்ட்டில் இருந்தவள், புருஷன் இல்லை. சென்னைக்குப் போய்ப் பழைய கேமரா கடையில் பேரம் பேசி வாங்கி வந்ததும் அவள்தான். வாங்கியது வேறு கம்பெனி லென்ஸ். எங்கள் லைனில் நிறத்தைப் பார்த்து மாட்டித்தான் பழக்கம். கறுப்பு கனெக்டர் கறுப்பில் போகும், நீலம் நீலத்தில் போகும். கேமராவும் கறுப்பு, லென்ஸும் கறுப்பு என்று எடுத்து வந்துவிட்டாள்.

"சேராதுன்னு எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்று மண்டபத்திலேயே கண் கலங்கினாள்.

"வுடுக்கா, நடுவுல அடாப்டர் போட்டா மாட்டிக்கும்" என்றான் அவன். அன்றைக்கு நல்லவனாகத்தான் இருந்தான், அல்லது நான் அப்படி நம்பினேன்.

அடாப்டர் என்பது ஓர் உலோக வளையம். ஒரு பக்கம் கேமரா, மறு பக்கம் லென்ஸ். அவன் வாங்கியது மலிவானது, ஆட்டோ ஃபோகஸ் வராது. அதுவே அவனுக்குப் பெருமையாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துவிடுவான்.

"இந்த லென்ஸ் யாருன்னே கேமராவுக்குத் தெரியாதுக்கா. ஃபோகஸ் தானா விழாது, எல்லாம் என் கைதான். நாரையோட கண்ணு ஷார்ப்பா வர்ற வரைக்கும் திருகிக்கினே இருப்பேன். அதுக்கப்புறந்தான் அமுக்குவேன்."

தங்கமாரி வாயைப் பிளந்து கேட்பாள். தான் வாங்கிக் கொடுத்ததாயிற்றே.

போன வருடம் குன்றத்தூர் போகும் ஷிப்ட் பஸ்ஸைக் கம்பெனி நிறுத்தியது. பெண்கள் இருட்டில் லாரிக்கு நடுவே நடந்து போவதா? கம்பெனி கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் தர்ணா உட்கார்ந்தோம். நான் பெர்மனென்ட், என்னைத் தொட யோசிப்பார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு முகம் தெரிந்தால் வேலை போச்சு. தங்கமாரியின் மகள் நர்சிங் இரண்டாம் வருடம், இந்தச் சம்பளத்தில்தான் படிக்கிறாள். அதனால் துப்பட்டாவால் கண்ணுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலிலும் அவிழ்க்கவில்லை. தண்ணீர் குடிக்க மட்டும் ஒரு நிமிடம் இறக்கினாள்.

அடுத்த வாரம் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கத் தங்கமாரி. துப்பட்டா கழுத்தில், பாட்டில் உதட்டில். மூக்குத்திக் கல் தெரிந்தது. பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் மங்கலாக இருந்தோம். அவள் மட்டும் அவ்வளவு துல்லியம். எடுத்த இடம் ஆபீஸ் மொட்டை மாடி என்பது பார்த்ததுமே தெரிந்தது. எடுத்தவன் யார் என்பதும் தெரிந்தது. அந்த வாரமே அவனுக்கு ஆபீசில் ஏசிக்குக் கீழே நாற்காலி கிடைத்திருந்ததே!

வேலை போன மறுநாள் தங்கமாரி அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பு. ஆனாலும் போனேன். வாசலில் நாற்காலி போட்டு, பிரஷ்ஷால் அந்த லென்ஸைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரிக்க வேறு செய்தான், வெட்கம் கெட்டவன்.

"இன்னாக்கா பண்றது? கும்பலை எடுக்கச் சொன்னாங்கோ, எடுத்தேன். உங்க மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? கேமரா தானா ஃபோகஸ் பண்ணிக்கிச்சு."

தங்கமாரி சத்தம் போடவில்லை. லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல தானா விழாதுன்னு நீதான தம்பி சொன்ன?"

பிரஷ் பிடித்த கை நின்றது. நான் அவன் வாசலிலேயே துப்பிவிட்டு, தங்கமாரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.