மச்சானுக்கு இரண்டு வாக்கு

2024 கோடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரில் மச்சான், அவர் மனைவி, என் மனைவி. ஓட்டியது நான். லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து நகரத்துக்குள் இருக்கும் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அன்று பிரான்சுப் பாராளுமன்றத் தேர்தல். வெளிநாட்டில் இருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் இருக்கிற ஊரிலேயே வாக்குப் போடலாம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பிரான்சில் பிரஜாவுரிமை எடுத்துவிட்டு லண்டன் வந்தவர். நான் நேரே இங்கே வந்தவன். 2009இல் விசா கிடைத்தது. பிரஜாவுரிமைச் சோதனைக்குப் போகப் பயம். படிப்புக் குறைவு. கடவுச்சீட்டு இன்னும் இலங்கைதான். அங்கே தேர்தல் வந்தால் வெளிநாட்டில் இருந்து போட வழியில்லை. வாக்காளர் இடாப்பில் என் பெயரையும் எப்போதோ வெட்டிவிட்டார்கள்.

மச்சானுக்கு அன்று இரண்டு வாக்கு. ஒன்று அவருடையது. மற்றது மகனுடையது. மகன் பிரெஞ்சு இராணுவத்தில், தூரத்து முகாம் ஒன்றில் இருந்தான். பெயர் லண்டன் பதிவில் இருந்ததால், தனக்காகப் போடச் சொல்லித் தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்திருந்தான்.

ஒரு ஆளுக்கு இரண்டு. எனக்கு ஒன்றும் இல்லை. வயிறு எரிந்தது.

வாசலில் நின்றவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மச்சானும் அவர் மனைவியும் கடவுச்சீட்டைக் காட்டினார்கள். நான் விலகி நின்றேன்.

“இவர் டிரைவர்,” என்று என் மனைவி அவருக்குச் சொல்லிச் சிரித்தாள். அவருக்குத் தமிழ் விளங்காது. எனக்கு விளங்கியது.

மச்சான் வெளியே வர நேரமானது. வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன அத்தான், ஒரு மாதிரி நிக்கிறியள்?”

“உம்மை ஒரு நாடு கூப்பிட்டுக் கேக்குது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவர் சிரிக்கவில்லை.

“வாற வியாழன் இஞ்ச பொதுத் தேர்தல். எனக்குப் போட ஏலாது, நான் பிரெஞ்சுக்காரன். உங்களுக்கு ஏலும். இலங்கை கொமன்வெல்த் நாடு, விசா இருந்தாக் காணும். ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்களை நினைச்சு எரியிறது நான் அத்தான்.”

இத்தனை வருடமும் நான் போடுகிறேன் என்றே அவர் நினைத்திருந்தார். பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடும்.

திங்கள் கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். உரிமை இருக்கிறது என்றார்கள். இந்த முறைக்குப் பதியும் நாள் முடிந்துவிட்டது என்றார்கள்.

வியாழன் எனக்கு டூட்டிங்கில் சமையல் ஷிப்ட். வழியில் ஒரு மண்டபத்தில் வாக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் நாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

இப்போது பெயர் பதிந்திருக்கிறேன். மச்சான் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. என் மேல் வந்தது போகவில்லை. விசா கிடைத்த பிறகு நான் போடாமல் விட்ட பொதுத் தேர்தல்கள் ஐந்து.