கருங்குரங்கின் குடல்

தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டாக்டராக இருந்தேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. தொட்டுச் சோதிக்கக் கூசி, மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தேன். கருங்குரங்கு லேகியம் தின்றால் தேறிவிடுவாள் என்று நம்பிய அவள் கணவன், வேட்டைக்காரனிடம் ஒரு குரங்கை வாங்கி வந்து என்னை அறுத்துத் தரச் சொன்னான்.

வயிற்றைத் திறந்தேன். மலக்குடலில் ஒரு கட்டி இருந்தது. அது குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு மூத்திரப்பைக்குள் இறங்கி, பின்பக்கம் எலும்போடும் ஒட்டியிருந்தது. எது குடல், எது கட்டி என்று விரலால் பிரிக்க முடியவில்லை.

“இதுக்கும் மூலமா டாக்டரய்யா? பாவம், இது எந்த டாக்டர்ட்ட போச்சோ!” என்று அவன் சிரித்தான்.

அன்று மாலைதான் அவளைச் சோதித்தேன். உள்ளே கல் போல ஒரு கட்டி விரலில் தட்டியது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. முதலிலேயே பார்த்திருந்தால் மதுரைக்கு அறுவைக்கு அனுப்பியிருக்கலாம்.

“மூலந்தானய்யா? லேகியம் தின்னா சரியாயிரும்லா?” என்று கேட்டாள்.

“சரியாயிரும்” என்றேன். அவளைத் தேற்றவே அப்படிச் சொன்னதாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிழை தெரியக்கூடாது என்றுதான் சொன்னேன். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வலியில் துடித்துச் சாகும்வரை அவள் அந்த லேகியத்தைத் தின்றாள்.