அந்தமான் டிக்கெட்டும் மாமியாரின் போனும்

இன்று ஆவடி பஸ்ஸில் பழைய பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவைப் பார்த்தேன். "இன்னா அந்தமான்காரம்மா, சௌக்கியமா?" என்றார்.

தொண்ணூறுகளில் மேனாம்பேட்டில் ஒற்றை அறையில் ஆறு பேர் இருந்தோம். புதுசாகக் கல்யாணமான நாங்கள் தனியாகப் பேச ரேஷன் கடை வரிசைதான் கதி. அதனால் அந்தமானுக்குத் திட்டம் போட்டோம். மாமியாரிடம், விசாகப்பட்டினத்தில் என் வீட்டுக்காரருக்கு டிரெய்னிங், நானும் போகிறேன் என்று பொய் சொன்னோம்.

டிக்கெட் ஆபீசுக்குக் கொடுத்தது அக்கா வீட்டுப் போன் நம்பர். ஒருநாள் அக்கா தன் வீட்டு மாடியிலிருந்து கத்தினார்: "கமலா! அந்தமான் கப்பல் டிக்கெட் ரெடியாம்! ரெண்டு பேருக்கு!"

மாமியார் கையில் முறம் அப்படியே நின்றது. எழுந்து நேரே அக்கா வீட்டுக்குப் போய், டிக்கெட் ஆபீஸ் நம்பரை வாங்கிப் போன் போட்டார். டிக்கெட் கேன்சல்தான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் மறுபடி அரிசி புடைத்தார். கப்பல் ஏறும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னிக்கு அத்தை போன்ல என்னக்கா பேசுனாங்க?" என்று இன்றுதான் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? 'கப்பல்ல அதுங்களுக்குத் தனி ரூம் கீதா? உள்ள தாப்பா கீதா?'ன்னு கேட்டாங்கம்மா."

இருந்தது அத்தை. உங்களுக்குப் பயந்து கப்பலில் மூன்று நாளும் நான்தான் அழுதுகொண்டே போனேன்.

மருமகள்களே, உங்கள் மாமியார் யாருக்குப் போன் போட்டார்? பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.