வெப்சைட்டிலிருந்து போகாது என்று சொன்னேன்

கொரோனா முடிந்து கல்லூரிகள் திறந்த மறு வருடம். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த செமஸ்டரில் ‘அட்வான்ஸ்டு வெப் டெவலப்மென்ட்’ என்று ஒரு பேப்பர். பரீட்சையைவிட ப்ராஜெக்ட்டுக்குத்தான் மதிப்பு. எங்கள் துறை விழாவுக்குப் பெயர் பதிவு செய்கிற வெப்சைட் ஒன்றை நான் செய்தேன். பெயர், போட்டோ, போன் நம்பர், பஸ் ஏறும் ஸ்டாப் எல்லாம் கொடுத்தால் அழகாக ஓர் அடையாள அட்டை வரும். மற்றவர்களின் ப்ராஜெக்ட் லேபோடு நின்றுவிட்டது. என்னுடையதைக் கல்லூரி முழுக்கப் பயன்படுத்தினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவள் என் நெருங்கிய தோழி. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். அப்பா அரிசி மில்லில் எடை போடுபவர். கருட சேவைக் கூட்டத்தில் பஸ் நகராத நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். நானும் அவர்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வகுப்பில் மூளை அவளுக்குத்தான். எனக்கு வாய்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு லேபில் என் தோளைத் தட்டினாள்.

“ஏய், மேல லிங்க்குல கடைசியா ஒரு நம்பர் இருக்குதுல்ல, அத மாத்தினா வேற ஆளோட கார்டு தொறக்குதுடி. போன் நம்பரோட. பாஸ்வேர்டே கேக்கல பாரு.”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதை எப்படித் தடுப்பது என்று பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்கே போகவில்லை. இனிமேல் கற்றுக்கொண்டு செய்வதென்றால் வெப்சைட்டை நிறுத்தி வைக்க வேண்டும். எல்லோரும் கேட்பார்கள்.

“யாருடி நம்பர மாத்திப் பாத்துக்கினு இருக்கப் போறாங்க? ரிவ்யூ முடியட்டும், சரி பண்ணிடறேன்” என்றேன்.

யாரோ மாற்றிப் பார்த்தார்கள். விழா முடிந்த வாரமே அவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. எந்த ஸ்டாப்பில் ஏறுகிறாள் என்றுகூட அந்தக் குரல் சொன்னது. பிறகு அவளுடைய போட்டோவே அவளுக்கு வந்தது, என் வெப்சைட்டின் அட்டையில் இருந்தபடியே. போனை எனக்குக் காட்டினாள்.

“உன் சைட்லேந்துதான் போயிருக்குது. சார்கிட்ட சொல்லலாம் வா.”

வெள்ளிக்கிழமை கடைசி ரிவ்யூ. அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்காகப் பொறுத்தாள். அதற்குள் ஒரு அழைப்பை அவள் அப்பா எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் கல்லூரிக்கு வந்தார். மில்லிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் தவிடு. துறைத் தலைவர் அறையில் அவளை ஓரமாக நிற்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் போன் அப்பாவின் பையில் இருந்தது.

“ஏம்மா, நீ எங்க வூட்ல சாப்ட பொண்ணு. நெசத்த சொல்லு” என்றார். “எவனுக்கோ நம்பர குடுத்துட்டு, வெப்சைட்லேந்து போச்சுன்னு கத சொல்லிக்கினு இருக்கறா. எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்படிப் போவுமா?”

துறைத் தலைவரும் என்னைப் பார்த்தார். என் ப்ராஜெக்ட்டை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். நான் அவள் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

“அப்படியெல்லாம் போகாதுங்கப்பா.”

“பொய் சொல்றா சார்” என்றாள் அவள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். துறைத் தலைவர் கேட்காதவர்போல எதிரில் இருந்த பேப்பர்களை அடுக்கினார். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. கடைசிப் பரீட்சையும் எழுதவில்லை.

அன்று மதியம் லேபில் உட்கார்ந்து, பாடத்தைப் படித்து, அந்த ஓட்டையை அடைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தப் பேப்பரில் எனக்குத்தான் முதலிடம். அந்த ப்ராஜெக்ட்டைக் காட்டித்தான் சென்னையில் வேலையும் வாங்கினேன். அவளுக்கு அரக்கோணத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாக யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச வேண்டியிருக்குமே!

போன வருடம், ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதே தவறைச் செய்திருந்தாள். “இதனால ஒரு பொண்ணு வாழ்க்கையே போகும், தெரியுமா?” என்று எல்லோர் முன்னாலும் அவளிடம் கத்தினேன். கத்திய பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வாலாஜாபாத் போனேன்.

அவள் அப்பா மில் வாசலில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறை அவருக்குப் புரியவில்லை. எளிதாக்கி மறுபடியும் சொன்னேன்.

“அப்ப அவ சொன்னது நெசமா?”

“ஆமாங்கப்பா.”

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “அவ மேல நான் கையே ஓங்கினது கெடையாதும்மா. அன்னிக்கு அடிச்சிட்டேன்” என்றார். பிறகு தன் போனில் ஒரு நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லு. எனக்கு வாய் வரல.”

மறுமுனையில் அவள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

“இது எனக்குத் தெரிஞ்சதுதானே, எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“சரி. போன அவருகிட்ட குடு.”

கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

இன்றும் யாராவது என்னை ‘டெவலப்பர்’ என்று அறிமுகப்படுத்தினால், நான் படித்த படிப்பை முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் ஞாபகம் வருகிறது: அந்தப் படிப்பு தெரியாத ஒரு தகப்பனை, தன் மகளை நம்பாதபடி செய்வதற்கு.