நான் கைமாற்றிய பெயர்

எங்கள் சபையில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் ஒரு சில்வர் டப்பா வரும். பாஸ்டரம்மா அதை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், எழுத்து தெரியாதபடி மடித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எப்போதும் அதில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கு வாக்குத்தத்தம். போன வருஷம் வசனத்துக்குப் பதிலாகக் கடவுளுடைய எபிரெயப் பெயர்களை எழுதி, கீழே தமிழில் அர்த்தம் போட்டிருந்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். அதிலும் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். யாராவது அவசரப்படுத்தினால் எழுத்தெல்லாம் ஓடிப்போய்விடும். அன்றைக்கு மெதுவாகவே படித்தேன். யெகோவா ராப்பா. குணமாக்குகிற கர்த்தர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வயது அறுபத்தெட்டு, ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லை. முறுக்கை நானே கடித்துத் தின்பேன். குறையெல்லாம் கூரையில்தான் இருந்தது. மழை பெய்தால் நேராகத் தறிக்குழிக்குள் ஒழுகும். மகனும் மருமகளும் தறியில் பூட்டிய பாவு நூலின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, குழியில் நிற்கும் தண்ணீரைச் சொம்பால் மொண்டு ஊற்றுவார்கள்.

என் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். குழித்தறியில் மிதி மிதித்தே முட்டி இரண்டும் வீங்கிப்போனவள்.

"உனுக்கு இன்னாடி வந்துது?" என்று கேட்டேன்.

"யெகோவா யீரேக்கா. தேவைய எல்லாம் பாத்துக்கறவராம்."

"உனுக்கு இன்னா தேவ கீது? ரெண்டு புள்ளைங்களும் வேலைக்குப் போவுது. முட்டிதானே உனுக்குப் பேஜாரு. இந்தா, ராப்பாவ நீ வச்சிக்கோ. அத இப்டிக் குடு."

"மாத்திக்கலாமாக்கா? பாஸ்டரம்மா பாத்துட்டா?"

"அவங்க அந்தாண்ட திரும்பிகினு கீறாங்க. ஜல்தி குடு."

கொடுத்துவிட்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தேன். முட்டிக்கு ஒருத்தர், ஓட்டைக்கு ஒருத்தர், ஆளுக்கு ஒருத்தரைப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னேன். என் புத்தி அப்படி. நான் பிறந்தது காரியத்துக்கு ஒரு சாமி வைத்திருந்த வீடு. அம்மை போட்டால் ஒரு கோவில், கல்யாணம் தள்ளிப்போனால் ஒரு கோவில், பொருள் தொலைந்தால் ஒரு கோவில் என்று ஓடுவோம். இருபது வருஷமாக விசுவாசியாக இருந்தும், கடவுள் ஆபீஸில் ஜன்னலுக்கு ஒருத்தர் உட்கார்ந்திருப்பதாகவே மனசுக்குள் ஒரு படம் இருந்தது.

பங்குனியில் கூரை ஒழுகுவது நின்றது. மகனுக்குப் பட்டு கொடுக்கும் முதலாளி புதிதாக ஷெட் போட்டதில் தகரம் மிஞ்சிவிட்டது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மருமகள் வாசலில் நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். நான் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த அட்டையை எடுத்து ஒரு முத்தம் கொடுத்தேன். நான் செய்த வியாபாரம் பலித்துவிட்டதே.

சித்திரையில் ஒரு நாள் காலையில் குளிக்கும்போது, இடது மார்பின் ஓரத்தில் விரலில் ஏதோ தட்டியது. பட்டாணி அளவு இருக்கும். வலி இல்லை. சோப்பைக் கழுவிவிட்டு மறுபடியும் தொட்டேன். அங்கேயே இருந்தது.

கட்டி என்றுகூட நான் அப்போது நினைக்கவில்லை. முதலில் நினைத்தது அந்த அட்டையைத்தான். எனக்கென்று வந்த குணத்தை நானே தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்தேனே. வரப்போவது தெரிந்துதான் அந்த டப்பாவுக்குள் அதை எனக்காக வைத்திருந்தாரா? யீரே சொன்னபடி தகரம் கொடுத்தார் என்றால், ராப்பாவும் சொன்னபடி எதிர்வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பார். மீதித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும்போலப் பேசினேன், சிரித்தேன். புடவைத் தலைப்புக்குள் கை மட்டும் அடிக்கடி அந்த இடத்துக்குப் போய் வரும். வைகாசியில் அது கொண்டைக்கடலை அளவு ஆனது. கையைத் தூக்கினால் உள்ளே சுருக்கென்று இழுத்தது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஜெபக்கூட்டம் உண்டு. அந்த வருஷம் முழுக்கப் பாஸ்டரம்மா அந்தப் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். ஒரு வெள்ளி, எபிரெயர் தங்கள் கடவுளுடைய சொந்தப் பெயரை வாயால் உச்சரிக்கவே மாட்டார்கள் என்றார். படிக்கும்போது அந்த எழுத்து வந்தால், அதை விட்டுவிட்டு அடோனாய், அதாவது ஆண்டவரே, என்று சொல்லிக்கொண்டு போவார்களாம். அவ்வளவு பயம்.

மற்ற பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட எதிர்வீட்டுக்காரிதான் எட்டிப் பார்த்துச் சொல்லுவாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மனுஷன் பெயருக்கே அப்படிப் பயந்தவள், கடவுள் பெயரைக் கத்தரிக்காய் மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் பாஸ்டரம்மாவைப் பிடித்தேன். எனக்கு மகள் வயதுதான் அவருக்கு.

"ஒரு சந்தேகம்மா. ஒர்த்தருக்கு வந்த பேர இன்னொருத்தர் வாங்கிகினா இன்னா ஆவும்?"

"ஏன் ஆயா, யாரு வாங்கிகினா?"

"யாரும் இல்லம்மா. சும்மா கேட்டேன்."

"பேருதான் பல, ஆளு ஒருத்தருதான் ஆயா. எங்கப்பா என்ன பாப்பான்றாரு, எம்புள்ள அம்மான்றான், நீங்க பாஸ்டரம்மான்றீங்க. அதுக்காக மூணு பேராவா கீறேன்?" என்று சிரித்தார். அப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா வெளையாட்டா மட்டும் எடுத்துக்கக் கூடாது. அவரு பேர வீணா எடுத்தா சும்மா வுடமாட்டாரு" என்றார்.

முதலில் சொன்னதை வாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது சொன்னதை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பயந்தவள் காதில் அப்படித்தான் விழும்.

அதன்பின் என் வேலை எதிர்வீட்டுக்காரி முட்டியைப் பார்ப்பதுதான். முன்பெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். இப்போது கையை வீசிக்கொண்டு பால் வாங்கப் போனாள். அவள் வைக்கும் ஒவ்வொரு எட்டையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அட்டையைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அவளுக்கு வலி திரும்பி வந்துவிடுமே. அவள் மிதித்தால்தான் அந்தத் தறி ஓடும். கேட்காவிட்டால் எனக்கு இது வளரும். வாசல்படி வரைக்கும் போய்விட்டு, கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டுத் திரும்பி வந்த நாள் எத்தனையோ.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் குளிக்கும்போது, அக்குளிலும் ஒன்று தட்டியது. ஈர முந்தானையோடு நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் தறிக்குழியில் உட்கார்ந்து மாம்பழக் கலர் சேலை ஒன்றை நெய்துகொண்டிருந்தாள்.

"அடியே, அந்த அட்டைய எடு. மாத்திக்கலாம்."

"எந்த அட்டைக்கா?"

"புது வருசத்துல நான் குடுத்தேனே, ராப்பா."

அவள் தறியை நிறுத்தினாள். முகத்தில் திருட்டு முழி. "அது இல்லியேக்கா. சேவூர்ல எங்க நாத்தனாரு பேத்திக்கு ஜொரம் எறங்கவே இல்லன்னு போன் பண்ணா. அவளுக்குக் குடுத்துட்டேன். அவளும் நம்ம சபதானே, அவளுக்கு வந்த யெகோவா நிசிய எனுக்குக் குடுத்தா. ஜெயக்கொடியாம். கோர்ட் கேஸ் ஒண்ணு கீதே எங்களுக்கு, அதுக்கு ஆவும்னு வாங்கிகினேன்."

"அவகிட்டயாச்சும் கீதா?"

"அவளும் யாருக்கோ குடுத்துட்டாளாம்."

தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப உன் முட்டி?" என்றேன். "எப்டிடி நல்லாச்சி?"

"எங்க நல்லாச்சி? பல்லக் கட்ச்சிகினு நடக்கறேன். எம்மவன் ஆபரேசன்னு ஆரம்பிச்சிட்டான். நொண்டினா கூட்டுகினு பூடுவானேன்னு நேரா நடக்கறேன்."

வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். இரண்டு கிழவிகள் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு மாற்றி மாற்றி ஏமாற்றியிருக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை ஊர் ஊராக எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது, என் பக்கம் மட்டும் வராது என்று தோன்றியது. என் கை முந்தானைக்குள் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாள். வலியை மறைக்காமல், கையை ஊன்றித்தான் ஏறினாள்.

"எங்கக்கா கீது?" என்றாள்.

காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் தொட்டாள்.

"எவ்ளோ நாளா?"

"சித்திரையிலருந்து."

"உம்மருமவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"நான் சொல்லுவேன்," என்றாள். அப்போதே எழுந்து போய்ச் சொல்லவும் செய்தாள்.

மருமகள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. "மூணு மாசமா பக்கத்துல உக்காந்துகினு தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுத்தீங்களே அத்தே," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை வேலூர் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தப்பித்துப்போகாதபடி தான் வெளியோரம் உட்கார்ந்துகொண்டாள். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆனது. கெட்ட கட்டிதான் என்று டாக்டரம்மா சொன்னார். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் அன்று காலை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கலசப்பாக்கத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு வயிற்றில் கட்டி. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்.

"உங்க சாமி பேரு இன்னாங்க?" என்று கேட்டார்.

"அவருக்கு நெறைய பேரு."

"சொல்லுங்க, கேப்போம். கூப்புட வர்ற வரிக்கும் வேற இன்னா வேல?"

சொன்னேன். எல்ரோயீ, என்னைக் காண்கிறவர். எஜமானியம்மா படுத்திய பாட்டில் வயிற்றுப் பிள்ளையோடு ஓடிப்போன வேலைக்காரப் பெண், வனாந்தரத்தில் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து வைத்த பெயர். யெகோவா யீரே, மகனையே வெட்டக் கத்தியை எடுத்துவிட்ட தகப்பன் மலைமேல் வைத்தது. யெகோவா ஷாலோம், சமாதானம் தருகிறவர், செத்துப்போவேன் என்று நடுங்கிய ஒருத்தன் வைத்தது. பாஸ்டரம்மா சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்தபடி சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. பயந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. ஆனால் அவர்கள் பயம் தெளிந்தபின் வைத்தார்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தது, ஆடு புதரில் நின்றது, உயிர் உடம்பிலேயே இருந்தது, அப்புறம்தான் பெயர். நான் மட்டும் எதுவும் நடப்பதற்கு முன்னால், அடுத்தவர் வைத்த பெயரைக் கையில் பிடித்தால் போதும் என்று அலைந்திருக்கிறேன். இது தெரிந்ததால் பயம் குறைந்ததா என்றால், இல்லை. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை என்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"நோவு தீக்கறவரு ஒர்த்தரும் இல்லீங்களா?" என்றார் அந்த அம்மா.

"கீறாரு."

"அவர சொல்லவே இல்லியே."

"அவர வேற ஒர்த்தருக்குக் குடுத்துட்டேங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது என்றார். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. மருமகள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். பார்க்கிறது எல்லாம் கலங்கலாகப் போனது. கதவு வரைக்கும் அவள் கை என் கால்மேல் இருந்தது. அப்புறம் இல்லை.

உள்ளே ஐஸ் மாதிரி குளிர். என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. புது வருஷத்திலிருந்து அந்தப் பெயரை நான் ஜெபத்தில் சொன்னதே இல்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். எண்ணிக்கொண்டே வாருங்கள் என்றார்கள். நான் எண்ணவில்லை. யெகோவா ராப்பா என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் மயக்க மருந்து மூடியை மூக்கின் மேல் வைத்துவிட்டார்கள்.