தங்கச்சி வாசல் செருப்புகள்

கல்லடியில் அம்மாவின் வளவுக் காணி ஒடுக்கமானது, ஆனால் நீளமானது. தெருவில் தொடங்கி வாவிக்கரையில் போய் முடியும். எங்கள் இருவருக்கும் கலியாணம் பேசியபோது அம்மா அதைக் குறுக்கே பிரித்து, தெருப்பக்கத்தை எனக்கும் வாவிப்பக்கத்தைத் தங்கைக்கும் சீதனமாகத் தந்தார். தங்கைக்குக் காற்று, எனக்குப் புழுதி என்று அன்றைக்குப் பகிடிக்குச் சொன்னேன். தங்கை வீட்டுக்குப் போகிற எவரும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பது எவ்வளவு பெரிய தொல்லையாக வரும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் என் வேலை மேசை இருக்கிறது. நான் கணினி திருத்துகிறவள். எங்கள் பக்கத்தில் கணினிகளுக்கு வருகிற வியாதிகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பும் ஈரமும் எதையும் விட்டுவைப்பதில்லை. திரை வராத கணினி ஒன்றைக் கொண்டுவந்தால் முதலில் ரெம் பட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவேன். பாதிக்கு மேல் அதிலேயே எழும்பிவிடும். சூடேறி நிற்பதென்றால் விசிறியைக் கழற்றுவேன். உள்ளே கம்பளி மாதிரித் தூசி இருக்கும், சில நேரம் காய்ந்துபோன பல்லியும் இருக்கும். ஆமை வேகத்தில் போகிறதென்றால் பிள்ளைகள் இறக்கிய விளையாட்டுகளுக்குள் வைரஸ் இருக்கும். பல வருடங்கள் இந்த வட்டாரத்தில் இந்த வேலை செய்த பெண் நான் ஒருத்திதான். ஆண்கள் கடையில் கணினியைக் கொடுக்கத் தயங்குகிற பெண்கள் பெரியகல்லாற்றிலிருந்துகூட பஸ் ஏறி என்னிடம் வருவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

தங்கை நான் படித்த அதே வகுப்பில், நான் படித்துச் சில வருடங்களுக்குப் பிறகு, அதே பாடத்தைப் படித்தாள். பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழகினாள். குழந்தை பிறந்ததும் அதை விட்டுவிட்டு வர முடியாமல் தன் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டாள். அவளுக்கு முதல் ஸ்க்ரூட்ரைவர் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பிரிண்டர் அச்சடிக்கவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, சத்தம் வரவில்லை என்று வருகிற சின்ன வேலைகளை, "பின்வீட்டுக்குப் போங்க, தங்கச்சி செய்வா" என்று நானே அனுப்பிவைத்தேன்.

போனவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்த முறை பெரிய கோளாறு வந்தபோதும் என் ஜன்னலைத் தாண்டி நேரே பின்னால் போனார்கள்.

முதலில் நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன். பிறகு எண்ணத் தொடங்கினேன். சமையலறையிலிருந்து பார்த்தால் தங்கையின் வாசற்படி தெரியும். அங்கே எத்தனை சோடி செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்கப் போவேன். செருப்புகளைவிட மோசமானது சிரிப்பு. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். உடைந்த கணினியைக் கொண்டுவந்தவர்களுக்குச் சிரிக்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. என்னிடம் வருகிறவர்கள் யாரும் சிரித்ததில்லை.

ஒருநாள் பெரியகல்லாற்று டீச்சர் ஒருவர், எனக்குப் பழக்கமானவர், என் வாசலில் வந்து நின்றார். மடிக்கணினியை ஒரு துணிப்பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கதிரையை விட்டு எழுந்தே விட்டேன்.

"தங்கச்சி நிக்காவோ?" என்று கேட்டார்.

"நிக்கா. பின்னால போங்க" என்றேன்.

"உனக்குக் கரச்சல் தரக்கூடாதெண்டுதான் டீச்சர் தங்கச்சிக்கிட்டப் போறா" என்று அன்றைக்கு மத்தியானம் என் கணவர் சமாதானம் சொன்னார். "உனக்கும் வேலை குறையிறது நல்லம்தானே. ஆறுதலா இரு."

அவருக்கு முன்னால் சோற்றுக்கோப்பையை வைத்த விதத்திலேயே அவருக்கு மீதி விளங்கியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் காத்தான்குடி ராத்தாவின் கணினி வந்தது. அக்காவை அங்கே ராத்தா என்பார்கள்; எங்களைவிட மூத்தவர் என்பதால் நாங்கள் இருவரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பெண்களின் உடுப்புகளுக்கு மெஷினில் பூவேலை செய்து கொடுப்பவர். பூக்களைக் கணினியில் வரைந்துதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும், ஆகவே கணினி நின்றால் அவருடைய தொழில் நிற்கும். வருடக்கணக்காக என்னுடைய ஆள். ஒரு காலை ஆட்டோவில் வந்து இறங்கி, சி.பி.யூ. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் ஜன்னலோரம் வந்து, "சுகமா புள்ள?" என்று கேட்டுவிட்டு, நடையை நிறுத்தாமலே பின்னால் போனார்.

அன்றைக்கு நான் கையிலெடுத்த வேலை எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது என்பதுதான் குறை. தங்கை பவர் சப்ளையை மாற்றிக் கொடுத்தாளாம். ஆனால் கொஞ்ச நாளில் ராத்தா திரும்பவும் வந்தார், இந்த முறை என் வாசலுக்கு.

"அதே கரச்சல்தான் புள்ள. திரும்பவும் நிக்கிது. தங்கச்சியையும் காணல்ல."

தங்கை அன்று அமிர்தகழிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாததால்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்று தெரிந்தும் எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. தங்கையால் முடியாத ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது.

"வச்சிட்டுப் போங்க ராத்தா. பாத்து வைக்கிறன்."

"இஞ்ச இரிந்து பாக்கேலாதா?"

"நேரமெடுக்கும். முடிஞ்ச உடனே கோல் எடுக்கிறன்."

மனமில்லாமல்தான் வைத்துவிட்டுப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகத் தங்கை போட்ட பவர் சப்ளையைத்தான் பரிசோதித்தேன். அது பழுதாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறை. மீற்றரை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டேன். எல்லாம் சரியாகக் காட்டியது. நல்ல சாமான், நேர்த்தியான வேலை. உள்ளே வயர்களைக்கூட நான் பழக்கிய மாதிரியே அழகாகக் கட்டியிருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. பிறகு ரெம்மைத் துடைத்தேன். விசிறியின் அடியில் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதுசு பூசினேன். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தேன். கோப்புகளை எல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸையும் புதிதாகப் பதிந்தேன். பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

ராத்தா கொண்டுபோய் மாட்டிய அன்றே அவருடைய போன் கோல் வந்தது.

"நிண்டிட்டு புள்ள. ஒருக்கா வீட்ட வந்து பாக்கேலுமா?"

மறுநாள் பஸ்ஸில் போனேன். வீட்டு முற்றத்தில் தங்கையின் ஸ்கூட்டி நின்றது.

ராத்தா இருவரையும் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே போனால் தங்கை பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டு, ராத்தாவின் மகளுடைய கலியாணக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "அக்கா வந்திட்டா" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே கணினியிடம் போய்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இவள் கதைத்து முடிப்பதற்குள் நான் கண்டுபிடித்துவிட வேண்டும். அந்த ஒரு எண்ணம்தான் எனக்கு.

கணினி நன்றாகத்தான் ஓடியது. நான் உள்ளே எதைத் தொட்டு அசைத்தாலும் அணையவில்லை. பின்னால் அவர்கள் கதைப்பது காதில் விழுந்துகொண்டிருந்தது.

"எந்த நேரத்துல அதிகமா நிக்கிது, ராத்தா?"

"காலையில ஒரு கரச்சலும் இல்ல. ளுஹர் தொழுதிட்டு வந்து இரிக்கக்குள்ளதான்."

"மத்தியானத் தொழுகைக்குப் பிறகு வீட்டுல வேற என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? தைச்ச உடுப்பையெல்லாம் மகள் அந்த அறைக்குள்ள அயன் பண்ணுவா. அவ்வளவுதான்."

நான் அப்போது மேசைக்குக் கீழே குனிந்திருந்தேன். அங்கே ஒரு பூத்துணிக்கு அடியில் யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. கரண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்குவதற்காக, ராத்தாவின் கணவர் கட்டாரிலிருந்து வந்தபோது வாங்கி வைத்தது. சி.பி.யூ.வை மட்டும் கொண்டுவந்து தந்ததால் நாங்கள் இருவருமே இதைக் கண்டதில்லை. துணியை விலக்கிக் கை வைத்தேன். சுட்டது. ஒரு பக்கம் லேசாக ஊதியும் இருந்தது.

"அயனை ஒருக்காப் போடச் சொல்லுங்க" என்றேன்.

மகள் அறைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டாள். டக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்தது.

அயன் பெட்டி இழுக்கிற இழுவையில் அந்த வீட்டின் கரண்ட் ஒரு கணம் தாழ்கிறது. உடனே யூ.பி.எஸ். தன் பட்டரிக்கு மாறுகிறது. பட்டரியோ செத்துப்போய்க் கிடக்கிறது. கணினியைக் காப்பாற்ற வைத்த பெட்டிதான் அதை அணைத்துக்கொண்டிருந்தது. வயரை யூ.பி.எஸ்ஸிலிருந்து உருவி நேரே சுவரில் செருகினேன். திரும்ப அயனைப் போடச் சொன்னேன். லைட் ஒருமுறை மங்கியது, கணினி ஓடியது. பட்டரியை மாற்றும்வரை இப்படியே பாவியுங்கள் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

ராத்தா தங்கையின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ள கேக்காட்டி ஆருக்குத் தெரியும்! கெட்டிக்காரி!"

"அக்காதான் கண்டுபிடிச்சது, ராத்தா" என்றாள் தங்கை.

"ஓம் ஓம், ரெண்டு பேரும்தான்" என்றார் ராத்தா. ஆனால் கை தங்கையின் கன்னத்தில்தான் இருந்தது. நான் குனிந்து, தேவையில்லாத ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ் வரவில்லை. தங்கையின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறவேண்டியதாயிற்று. நாவற்குடா வந்ததும் அடக்க முடியவில்லை.

"ஏன்டி என்ட ஆக்களையெல்லாம் நீ எடுக்கிற?"

அவள் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். ஹெல்மட்டைக் கழற்றாமலே திரும்பினாள்.

"நான் எடுக்கல்ல அக்கா. அவங்க வாறாங்க."

"அதான் ஏன் வாறாங்க? நான் செய்யிற வேலையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நீ வச்சிட்டுப் போங்க எண்டு சொல்லுற. அவங்களுக்கு வச்சிட்டுப் போகப் பயம். அந்த ராத்தாட மகள்ட கலியாணப் படம் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு. முக்காடில்லாம எடுத்த படமெல்லாம் இரிக்காம். நீ பாக்கமாட்டாய் எண்டு அவவுக்குத் தெரியும். எண்டாலும் கண்ணுக்கு முன்னால திருத்தினா மனசுக்கு ஆறுதல்தானே. நான் பக்கத்துல இருத்தி வச்சுத் திருத்துறன். அவ்வளவுதான்."

"இத ஏன் எனக்கிட்ட ஒரு நாளும் சொல்லல்ல?"

"நீ கேட்டியா?"

அவள் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஒரு கதிரை. ஒரு கதிரையைப் பக்கத்தில் போட்டதால் என் ஆட்கள் அத்தனை பேரும் பின்வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் அவள் யோசித்துச் செய்ததல்ல. அவளுடைய குணம் அது. வீடு வரும்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவளிடம் அது எப்படி வந்தது, ஒரே தாய் வயிற்றில் பிறந்த எனக்கு ஏன் வரவில்லை என்று நினைத்தபடியே வந்தேன்.

அடுத்த நாள் நானும் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டேன். "வச்சிட்டுப் போங்க" என்பதை நிறுத்தி "இருந்து பாருங்க" என்று சொல்லிப் பழகினேன். சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் கதிரையில் இருந்து கதைத்தார்கள். மருமகளின் குறை, வயல்வட்டையில் தண்ணீர் ஏறாத கதை, பிள்ளையின் சோதனைப் பெறுபேறு எல்லாம் என் காதருகே நடந்தது. எனக்கோ வேலை ஓடவில்லை. ஒருமுறை தப்பான ஸ்க்ரூவை முறுக்கி மதர்போர்ட் பலகையில் கீறல்கூடப் போட்டேன். தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பதிலும் சொல்லிக்கொண்டு, கையால் பிழையில்லாமல் வேலை செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொறாமை குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

இப்போது ஒரு மாதிரி ஒழுங்காகிவிட்டது. நாங்கள் உட்கார்ந்து பேசி எதையும் பிரிக்கவில்லை. பழுதைச் சொல்லத் தெரியாமல் வருகிறவர்களும், கண்முன்னால் பார்க்க வேண்டியவர்களும், வீட்டுக்கு ஆள் வரவேண்டியவர்களும் தங்கையிடம் போகிறார்கள். உயிரே இல்லாத பலகைகளை அவள் என்னிடம் அனுப்புகிறாள். ஊதிப்போன மின்தேக்கியை ஈயத்தை உருக்கிக் கழற்றிப் புதியதை ஒட்டுவது, உப்பு அரித்த மின்சாரத் தடத்தில் மயிர் போன்ற செப்புக் கம்பியை வைத்துப் பொருத்துவது போன்ற வேலைகள். அதற்குப் பக்கத்தில் யாரும் இருக்கத் தேவையில்லை. தங்கையின் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைப்பேன்.

போன மாதம் அப்படி ஒரு பலகையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. தங்கை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கதைக்காமல் அவள் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். ஈயம் உருக்கும் கோலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ட கை நடுங்குதே இல்ல" என்றாள். அவள் குரல் வழக்கமாக இருக்கிற மாதிரி இல்லை. கொஞ்சம் தடித்திருந்தது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ மத்தியானங்களில் தங்கையைப் பற்றி என் கணவரிடம் நான் பேசிய குரல்தான்.

"எனக்கும் காட்டித் தாறியா அக்கா?"

"இரு" என்று கதிரையை அவள் பக்கம் தள்ளினேன்.

ஈயக்கோலைப் பிடிக்கிற விதம், சூட்டின் அளவு, ஈயம் உருகி மினுங்குகிற அந்தக் கணத்தில் கையை எடுப்பது எல்லாம் காட்டினேன். அவள் இரண்டு தரம் பிழைவிட்டு, மூன்றாம் தரம் ஓரளவு சரியாக ஒட்டினாள். வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

செப்புக் கம்பி வைத்துத் தடம் பொருத்துகிற வேலையை மட்டும் காட்டவில்லை. கேட்டால் காட்டுவேன். இன்னும் அவள் கேட்கவில்லை.