டைகர் வாயடங்கிய கதை

எங்கள் டைகருக்குக் குரைக்கக் காரணம் வேண்டாம். ஐஸ் வண்டி வந்தால் குரைக்கும், காக்கா உட்கார்ந்தால் குரைக்கும், ஒன்றுமே நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று குரைக்கும். பக்கத்து வீட்டுச் சித்திக்குக் குழந்தை பிறந்தபிறகு அது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. கடலில் சில நாள் தங்கி மீன்பிடிக்கக் கிளம்பிய அப்பா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நான் கரைக்கு வர்றதுக்குள்ள இது வாயடங்கலன்னா, பூவத்துல கொண்டுபோயி விட்டுருவேன்."

பட்டினச்சேரிப் பிள்ளையான எனக்குப் பூவம் என்றால் உலகத்தின் மறுகோடி. அழுது தீர்த்தேன். பிறகு அம்மா காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டைப் பாவாடையில் அள்ளிக்கொண்டேன். டைகர் வாயைத் திறக்கப் போகும்போதே மூக்கடியில் ஒரு நெத்திலியை நீட்டுவேன். சத்தம் போடாமல் உட்கார்ந்தால்தான் தீனி. முதலில் கருவாட்டையும் தின்றுவிட்டுக் குரைத்தது அந்தத் திருட்டு நாய். விட்டேனா நான்? ஐஸ் வண்டிக்குப் பின்னாலேயே அதை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு காலை, வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போக, டைகர் என் முகத்தையே பார்த்தபடி கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தடவை காற்று பலமாக இருந்தது. சொன்ன நாளில் அப்பாவின் படகு வரவில்லை. ஆழத்துக்குப் போய்விட்டால் போனும் கிடைக்காது. வழக்கமாக முகத்துவாரத்தில் அப்பாவின் இன்ஜின் சத்தம் கேட்டதுமே, ஊரில் யாருக்கும் முன்னால் டைகர்தான் குரைத்துக்கொண்டு ஓடும். அதைக் கேட்டபிறகுதான் அம்மா உலை வைப்பாள். மறுநாள் எனக்குச் சோறு சித்தி வீட்டில். அம்மா அடுப்பையே மூட்டாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் டைகர் சட்டென்று எழுந்தது. காது விறைத்தது, உடம்பெல்லாம் நடுங்கியது. போச்சு, குரைக்கப்போகிறது என்று பதறினேன். அது குரைக்கவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்து நெத்திலி கேட்டது. கையிலிருந்த அத்தனையையும் கொடுத்துவிட்டேன். அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவே வந்து எதிரில் நின்றார். அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"நாய் ஏங்க கொரைக்கல?" என்று மட்டும் கேட்டாள்.

"அதான் ஒம் பொண்ணு பழக்கிட்டாளே. இருந்துட்டுப் போவட்டும்" என்று அப்பா சிரித்தார். நான் தெருவையே ஒரு சுற்று ஓடி வந்தேன்.

அடுத்த தடவை அப்பா கடலுக்குப் போன அன்று, கொல்லையில் அம்மா டைகருக்கு நெத்திலி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொரைடா. அவரு வந்தா மட்டுமாவது கொரைடா."

என் உழைப்பையெல்லாம் கெடுக்கிறாளே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம். அன்று முழுக்க அம்மாவோடு நான் பேசவில்லை.